மேடையில் தேறிய பாட்டே ஆல்பத்துக்கு

குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாரின் பெரியபுராணம் தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியது. ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரை வரை ஓராண்டு அவையில் விரித்துரைக்கப்பட்டது என்பது மரபு. எழுதியதை அவை கேட்ட பிறகே நூல் நூலானது. சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்து, தானே பாடுகிற இன்றைய கலைஞருக்கும் நான் சொல்லும் வழி இதுதான். ஆட்களுக்கு முன்னால் பலமுறை பாடித் தேறிய பாட்டை மட்டும் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோங்கள்.

இந்த வழியில் வந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். 1976-ல் ‘அன்னக்கிளி’ வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இளையராஜா தன் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய்க் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் வாசித்தவர். எந்த மெட்டுக்குக் கூட்டம் நிமிர்கிறது, எதற்குக் கலைகிறது என்பதை அவர் அங்கேயே பார்த்துவிட்டார். நம் காலத்தில், பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் திறந்தவெளி மேடையில்தான் ஊருக்கு அறிமுகமானது. கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தால் மக்கள் எப்படிக் கேட்பார்கள் என்பதற்கு அந்த மாலையே பதில் சொன்னது.

ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஷிப்ட் பார்த்துவிட்டு, குன்றத்தூரில் ரூம் எடுத்துத் தங்கி, மீந்த நேரத்தில் பாட்டெழுதுகிறவரை மனத்தில் வைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். அவருக்கு நேரம் குறைவு, பணம் குறைவு, சுற்றிலும் சத்தம் அதிகம். மூன்றையும் கணக்கில் எடுத்தே திட்டம் போடுவோம்.

1. எந்த மேடையில் பாடுவது

பக்கத்திலேயே தொடங்குங்கள். இந்தத் தொழிற்பகுதியின் பெரிய கலைநாள் ஆயுத பூஜை. கம்பெனி வளாகத்திலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் ஒர்க்‌ஷாப்பிலும் அன்று மைக் செட் கட்டுவார்கள். பொங்கல் விழா, மே தினக் கூட்டம், கோயில் திருவிழா, கல்லூரிக் கலைவிழா, நண்பர் வீட்டு வரவேற்பு என்று வருடம் முழுக்க வாய்ப்பு உண்டு. சென்னைக்குள் போனால், 2015-ல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, நீலம் நடத்தும் ‘மார்கழியில் மக்களிசை’, பொங்கலை ஒட்டி அரசு நடத்தும் ‘சென்னை சங்கமம்’ ஆகியவை சபாக்களுக்கு வெளியே வேறு வகை இசைக்கும் இடம் தந்தவை. அந்த மேடைகளை முதலில் போய்ப் பாருங்கள். யார் அழைக்கிறார்கள், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது போனால்தான் தெரியும்.

நீங்களே ஒரு மாலை நிகழ்ச்சி நடத்துவதானால் ஒலிபெருக்கிக்குக் காவல் துறையின் எழுத்து அனுமதி வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு வரம்பு 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்பதால் அந்த மாதங்களில் கூரை உள்ள இடமாகப் பாருங்கள்.

2. அரை மணி நேரப் பட்டியல்

முதல் சில மேடைகளுக்கு அரை மணி நேரம் போதும். ஆறு பாட்டு, இடையில் பேச்சு. கூட்டம் சினிமாப் பாட்டு கேட்கும். அதை மறுக்கவும் வேண்டாம், முழுக்க அதற்கே இடம் கொடுக்கவும் வேண்டாம். தெரிந்த பாட்டு ஒன்றில் தொடங்கி, உடனே உங்களுடைய பாட்டில் வேகமானதைப் பாடுங்கள். நடுவில் இன்னொரு தெரிந்த பாட்டு. மீதி மூன்றும் சொந்தப் பாட்டு, கடைசி இடம் உங்களுடைய வலுவான பாட்டுக்கு. புதிதாக எழுதிய பாட்டை மூன்றாவது இடத்தில் வையுங்கள். அதற்குள் தொண்டை திறந்திருக்கும், கூட்டமும் உட்கார்ந்திருக்கும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இரண்டு வாக்கியம் பேசினால் போதும். எங்கே எழுதியது, யாரைப் பற்றியது என்று மட்டும் சொல்லுங்கள். பாட்டின் கருத்தை முன்கூட்டியே விளக்கிவிட்டால் பாட்டுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

3. மைக் செட்காரருடன் பத்து நிமிடம்

அன்றைய நிகழ்ச்சியில் உங்கள் முதல் நண்பர் மிக்சருக்குப் பின்னால் இருப்பவர். பெயரைக் கேட்டு, கை கொடுத்து, உங்கள் பாட்டுப் பட்டியலின் ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். பிறகு வரிசையாக இவற்றைக் கேளுங்கள்:

“அண்ணே, பேசும்போது எக்கோ வேணாம், பாடும்போது லேசா இருந்தா போதும்.” ஊர் மைக் செட்டில் எக்கோவைத் தாராளமாக ஏற்றி வைத்திருப்பார்கள். தெரிந்த சினிமாப் பாட்டுக்கு அது கெடுதல் செய்யாது, வரிகள் எல்லோருக்கும் ஏற்கெனவே மனப்பாடம். உங்கள் பாட்டையோ அன்றுதான் முதல்முறை கேட்கிறார்கள். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் விழுந்தால் அர்த்தமே போய்விடும்.

“என் குரல் எனக்குக் கேக்கணும்ணே, மானிட்டர்ல கொஞ்சம் ஏத்துங்க.” மானிட்டர் இல்லையென்றால் ஓரத்து ஸ்பீக்கர் ஒன்றை உங்கள் பக்கம் லேசாகத் திருப்பித் தரச் சொல்லலாம். தன் குரல் கேட்காதவர் கத்தத் தொடங்குவார். கத்தும்போது ஸ்ருதி ஏறும்.

மைக் விசிலடித்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஸ்பீக்கர் உங்களுக்குப் பின்னாலோ நேர் எதிரிலோ இருந்து மைக்கைப் பார்க்கிறது, அல்லது மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் மூடிப் பிடித்திருக்கிறீர்கள். பிரதான ஸ்பீக்கர் இரண்டும் மைக் நிற்கும் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். மைக்கின் தண்டைப் பிடியுங்கள், தலையைத் தொடாதீர்கள். வாய்க்கும் மைக்குக்கும் இடையே நாலு விரல் தூரம். உச்சத்தில் பாடும்போது ஒரு சாண் விலகுங்கள். கிட்டாரையோ கீபோர்டையோ நீண்ட வயரில் மிக்சருக்குக் கொடுப்பதானால் நடுவில் டிஐ பாக்ஸ் கேளுங்கள், இரைச்சல் குறையும்.

4. மேடைப் பதிவைக் கேட்டுத் திருத்துவது

இந்த அத்தியாயத்தின் மையம் இதுதான். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் கூட்டத்துக்கு நடுவே நண்பர் ஒருவர் போனில் பதிவு செய்யட்டும். மேடையருகே வேண்டாம். பாட்டு மட்டுமல்ல, கூட்டத்தின் பேச்சும் இருமலும் கைத்தட்டலும் அதில் பதிய வேண்டும். மறுநாள் வரிகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நைட் ஷிப்ட் பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு என்று வைத்துக்கொள்வோம். பல்லவி, மூன்று சரணம், மொத்தம் ஐந்தரை நிமிடம். பதிவில் முதல் 40 விநாடி கிட்டார் முன்னிசை. 15-ஆவது விநாடியிலேயே கூட்டத்தில் பேச்சுச் சத்தம் எழுகிறது. முன்னிசையை அங்கே வெட்டிவிடலாம். பல்லவி தொடங்கியதும் பேச்சு அடங்குகிறது. முதல் சரணத்தில் அமைதி நீடிக்கிறது. இரண்டாம் சரணத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம். தாளைப் பாருங்கள். முதல் சரணத்தில் சொன்னதையே வேறு சொல்லில் இங்கேயும் சொல்லியிருப்பீர்கள். அதை எடுத்துவிட்டால் மூன்றாம் சரணம் முன்னால் வரும், பாட்டு மூன்றரை நிமிடத்தில் முடியும்.

அடுத்து சொல்லைப் பாருங்கள். நீட்டிப் பாடும் இடத்தில் குறிலோ மெய்யெழுத்தோ வந்தால் குரல் நிற்க இடமில்லாமல் நசுங்கும். அந்த இடத்துக்கு நெடில் வரும்படி சொல்லை மாற்றுங்கள், அல்லது வரியை முன்பின்னாக்குங்கள். மூச்சு வாங்கும் இடம் சொல்லுக்கு நடுவில் விழுந்தால் கேட்பவருக்கு வேறு சொல்லாகக் கேட்கும். வரியைப் பதம் பிரித்து, மூச்சுக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஸ்ருதியும் வேகமும். வீட்டில் ஒன்றரைக் கட்டையில் சுகமாக வந்த பாட்டு மேடையில் இரண்டு கட்டை கேட்கலாம், ஏனென்றால் அங்கே உடம்பு விழித்திருக்கிறது. வேகமும் ஏறும். போனில் மெட்ரோனோம் ஆப்பைத் திறந்து, பதிவோடு சேர்த்துத் தட்டிப் பாருங்கள். வீட்டில் நிமிடத்துக்கு 92 தட்டு இருந்த பாட்டு மேடையில் 104 ஆகியிருக்கும். இப்படி மூன்று மேடைகளின் எண்ணைக் குறித்துவைத்தால் பாட்டின் இயல்பான நடை தெரிந்துவிடும். அந்த எண்தான் நாளை ஸ்டூடியோவில் கிளிக் ட்ராக்குக்குக் கொடுக்க வேண்டிய எண்.

5. ரூமில் டெமோ

திருத்திய பாட்டை ரூமிலேயே பதிவு செய்யுங்கள். இது வெறும் ஒத்திகைதானே என்று அலட்சியம் வேண்டாம். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீட்டின் அறையில், நாலு ட்ராக் கேசட் ரெக்கார்டரில் டெமோ பாடினார். அதே பாட்டுகளைப் பிறகு இசைக்குழுவோடு ஸ்டூடியோவில் முயன்றபோது அந்த உயிர் வரவில்லை. கேசட்டில் இருந்ததே அந்த ஆண்டு செப்டம்பரில் ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக வெளிவந்தது.

நம் ரூமில் எதிரி இரண்டு. முதலாவது எதிரொலி. டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கான்கிரீட் கூரை. நடுவில் நின்று ஒரு கைத்தட்டு தட்டுங்கள். பின்னால் உலோகச் சத்தம் போல ஒன்று ஒலித்தால் அது உங்கள் குரலிலும் ஏறும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவதால் பெரிய பயன் இல்லை. வெளிச்சத்தத்தை அது தடுக்காது. பஞ்சு மெத்தையை நிமிர்த்தி உங்கள் முதுகுக்குப் பின்னால் சாத்துங்கள், இரு பக்கமும் கொடியில் கனமான போர்வை போடுங்கள், மெத்தைக்கு முதுகு காட்டி நின்று பாடுங்கள். வித்தியாசம் முதல் டேக்கிலேயே கேட்கும்.

இரண்டாவது வெளிச்சத்தம். வெளிவட்டச் சாலையில் லாரி, தெருமுனையில் கம்பெனி பஸ், மேலே மீனம்பாக்கம் போகும் விமானம். ஒரு வாரம் உட்கார்ந்து எந்த நேரத்தில் எது அடங்குகிறது என்று எழுதிவையுங்கள். ஷிப்ட் மாறிப் பஸ்கள் போய்விட்ட பிறகு கிடைக்கும் இடைவெளிதான் உங்கள் ரெக்கார்டிங் நேரம். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். இப்படிப்பட்ட ரூமுக்கு விலையுயர்ந்த கண்டன்சர் மைக் வேண்டாம். அது தெருவையே உள்ளே இழுத்துவரும். மேடையில் பயன்படுத்தும் ஷூர் எஸ்எம்58 வகை டைனமிக் மைக்கை நெருங்கிப் பாடினால் குரல் முன்னாலும் தெரு பின்னாலும் நிற்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். உச்சக் குரலும் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி அளவு வைத்தால் உடைசல் வராது.

6. ஷிப்டும் தொண்டையும் காதும்

தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. பிரஸ் ஷாப்பிலும் அசெம்பிளி லைனிலும் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசித் தொண்டை ஏற்கெனவே களைத்திருக்கும். ஷிப்ட் முடிந்த கையோடு முழுக் குரலில் பாடாதீர்கள். அன்று வரிகளைத் திருத்துங்கள், கிட்டார் பகுதியைப் பழகுங்கள்.

காதுக்கும் இதே கவனம் வேண்டும். நீண்ட நேரச் சத்தத்துக்குப் பிறகு காது சில மணி நேரம் மந்தமாக இருக்கும், முக்கியமாகக் கூர்மையான ஒலிகளுக்கு. அந்த நிலையில் மிக்சிங் செய்தால் ட்ரிபிளை அளவுக்கு மேல் ஏற்றிவிடுவீர்கள். மறுநாள் கேட்டால் காதைக் குத்தும். மிக்சிங்கை வார விடுமுறை நாளில், தூங்கி எழுந்த காதோடு செய்யுங்கள். லைனில் நிற்கும்போது காதடைப்பான் போடுவதை ஒருநாளும் தவிர்க்காதீர்கள். பாடகருக்குக் காது போனால் அதை மீட்க வழியில்லை.

7. ஸ்டூடியோவுக்குள்

போரூர் வழியாகப் போனால் வளசரவாக்கம், விருகம்பாக்கம், சாலிகிராமம், வடபழனி என்று ரெக்கார்டிங் ஸ்டூடியோக்கள் நிறைந்த பகுதி உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. சிலர் மணிக்கணக்கில் வாடகை பேசுவார்கள், சிலர் கால்ஷீட் கணக்கில். எஞ்சினியர் கூலி அதில் அடக்கமா, மிக்சிங்குக்குத் தனியா, ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி ஃபைலாகத் தருவார்களா என்று முன்பே கேளுங்கள். அந்த ஃபைல்கள் உங்கள் சொத்து. இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள்.

முதல் ஆல்பத்துக்கு ஐந்தாறு பாட்டு போதும். முதலில் கிளிக்கோடு பைலட் ட்ராக் பாடுங்கள், அதன்மேல் தாளம், பிறகு மற்றக் கருவிகள், கடைசியில் குரல். ஒரு நாளில் இரண்டு பாட்டுக்கு மேல் முழுக் குரல் எடுக்காதீர்கள். கிளிக்கில் உயிர் போகிற பாட்டு என்று மேடையிலேயே தெரிந்திருந்தால் அதை எல்லோரும் ஒன்றாக வாசித்து ஒரே மூச்சில் எடுங்கள்.

பறை சேர்ப்பதானால் தனியாகத் திட்டமிட வேண்டும். தோல் பறையை வாசிக்குமுன் தீயில் காய்ச்சி விறைப்பேற்றுவார்கள். ஏசி அறைக்குள் கொஞ்ச நேரத்திலேயே விறைப்பு தளர்ந்து ஓசை இறங்கிவிடும். காய்ச்ச மொட்டை மாடியோ முற்றமோ உண்டா என்று முன்பே கேட்டு வையுங்கள். இரண்டு மூன்று டேக்குக்கு ஒருமுறை மறுபடி காய்ச்சும் நேரத்தையும் வாடகைக் கணக்கில் சேருங்கள். பறை வாசிப்பவரை “டக்குனு முடிங்க” என்று அவசரப்படுத்தாதீர்கள். ஏசியை நிறுத்திவிட்டு எடுப்பது நல்லது. மழை மாதங்களைத் தவிருங்கள். மைக்கைப் பறையை ஒட்டி வைக்காமல் இரண்டு மூன்று அடி தள்ளி வைத்தால் குச்சியின் அடியும் தோலின் அதிர்வும் சேர்ந்து பதியும்.

மாஸ்டரிங்கில் பாட்டை முடிந்தவரை உரக்க ஏற்றச் சொல்லாதீர்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் அளவை ஒட்டிச் சமன் செய்கின்றன. அளவுக்கு மேல் நசுக்கி ஏற்றிய பாட்டு அங்கே ஒலி குறைந்து, நசுங்கியபடியே கேட்கும்.

8. கையெழுத்து

பாட்டு பதிவாகும் முன்பே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாள் எழுதுங்கள். வரி யார், மெட்டு யார், இசைக்கோவை யார், வாசித்தவர் யார், யாருக்குக் கூலி, யாருக்கு ராயல்டியில் பங்கு. எல்லோரும் கையெழுத்திடட்டும். நண்பர்களுக்குள் எதற்கு என்று தோன்றும். நட்பு நல்லபடியாக இருக்கும்போதுதான் இதை எழுத முடியும். ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ 2017-ல் வந்தபோது எழுதியவர் கபேர் வாசுகி, பாடியவர் டி.எம். கிருஷ்ணா, இசை ஆர்.கே. ஸ்ரீராம்குமார் என்று ஒவ்வொருவர் பங்கும் தெளிவாகத் தெரிந்தது. 2021-ல் உலகம் முழுக்க ஒலித்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யில் யார் பங்கு எவ்வளவு என்பது மறு ஆண்டு பொதுவெளியில் விவாதமானது. அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024-ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் சொன்னார். அவ்வளவு பெரிய பாட்டுக்கே இந்த நிலை என்றால் நமக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டின் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தாலும் எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் சமபங்கு கேட்கலாம். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். ஆகவே “நிரந்தரமாக”, “உலகம் முழுவதும்” என்ற சொற்கள் தாளில் இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள். பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை உண்டு. ஆனால் தகராறு வந்தால் பதிவு கைகொடுக்கும். 1969-ல் தொடங்கிய ஐபிஆர்எஸ் சங்கத்தில் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் உறுப்பினராகுங்கள். பொது இடங்களிலும் ஒலிபரப்பிலும் உங்கள் பாட்டு ஒலிப்பதற்கான தொகையை வசூலித்துத் தருவது அதன் வேலை.

ஸ்டூடியோவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக இவற்றைச் சரிபாருங்கள்:

* குறைந்தது மூன்று வேறு வேறு கூட்டத்தின் முன் பாடியாயிற்றா?
* ஒவ்வொரு மேடைப் பதிவையும் தாளோடு கேட்டுத் திருத்தியாயிற்றா?
* கட்டையும் வேகமும் எண்ணாக எழுதியாயிற்றா?
* வரிகளைத் தாள் பார்க்காமல் பாட முடிகிறதா?
* ரூம் டெமோவை வாசிப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு வாரம் முன்பே அனுப்பியாயிற்றா?
* பங்குத் தாளில் கையெழுத்து வாங்கியாயிற்றா?
* ரெக்கார்டிங் நாளுக்கு முந்தைய இரவு ஷிப்ட் இல்லாதபடி பார்த்துக்கொண்டீர்களா?

ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் அந்தப் பாட்டை இந்த முறை விட்டுவிடுங்கள். அடுத்த மேடையில் பாடுங்கள், திருத்துங்கள், அடுத்த ஆல்பத்தில் வரட்டும். நாலு பாட்டு மட்டும் தேறினால் நாலு பாட்டோடு வெளியிடுங்கள். அந்த நாலையும் உங்கள் ஊர் மக்கள் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள், அவர்களே முதலில் அடுத்தவருக்குப் போட்டுக் காட்டுவார்கள்.